இரண்டாவது பெல்ட்

எனக்கு நடந்தது குடலிறக்க அறுவை சிகிச்சை அல்ல. இதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் சாத்துக்குடியும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு அரியலூர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துப் போனவர்கள். ஹெர்னியாவெல்லாம் இப்போது சாதாரணம் என்று எனக்குத் தைரியம் சொன்னவர்கள். அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சிமெண்ட் ஆலையில் ஓய்வுபெற்றவர்களின் சங்கம் வெளியிடும் மலருக்கு, உங்கள் குடலிறக்க அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், வயதானவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று கேட்டார்கள். எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். என் மனைவி வசந்தாவிடம் சொன்னேன். "எழுதுங்க. ஆனா நடந்ததை எழுதுங்க. இல்லாட்டி வுட்டுருங்க" என்றாள்.

நடந்தது இதுதான். நான் செய்துகொண்டது வயிற்றை அழகாக்கும் அறுவை. அதை மறைத்துக் குடலிறக்கம் என்று வீட்டில் பொய் சொன்னேன். அந்தப் பொய் வசந்தாவின் உயிரை வாங்கப் பார்த்தது.

ஆலையின் ஆய்வகத்தில் வேதியியலாளனாக வேலை பார்த்த காலத்தில் நான் எவ்வளவு பருமனாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை நோய் வந்தது. பயந்துபோய் நடக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டைக் குறைத்தேன். சில வருடங்களில் உடம்பு பாதியாக இளைத்தது. ஆனால் தோல் இளைக்கவில்லை. தொப்பை இருந்த இடத்தில் காலிச் சாக்கு போலத் தோல் மடிந்து தொங்கியது. வெயில் காலத்தில் அந்த மடிப்புக்குள் வியர்த்து அரித்துப் புண்ணாகும். டாக்டரிடம் இந்த அரிப்பைத்தான் காரணமாகச் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் பவுடர் போட்டாலே தீர்கிற உண்மை.

உள்ளே இருந்த காரணம் வேறு. அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் செய்தோம். கலசத் தண்ணீரை ஊற்றும்போது சட்டை போட முடியாது. அந்தப் படத்தில் நனைந்த வேட்டியின் மேல் என் தொப்பை வழிந்துகொண்டிருக்கும். வசந்தாவின் தம்பி கணேசன் அதைப் பார்த்துவிட்டு, "மச்சானுக்கு எட்டு மாசம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் இளைத்த பிறகு ஒரு காதுகுத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். அதே கணேசன் தொங்குகிற தோலைப் பார்த்து, "மச்சான் பெத்துட்டாரு, இன்னும் வயிறுதான் வத்தல" என்றான். வருகிற ஆவணியில் எனக்கு எழுபது. மறுபடியும் திருக்கடையூர், மறுபடியும் வெறும் மேல், மறுபடியும் படம். ஒரு கிழவனுக்கு இது ஒரு கவலையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருந்தது. கண்ணாடி முன்னால் அந்தத் தோலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது இல்லாவிட்டால் எப்படி இருப்பேன் என்று பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வருகிறார் என்று கேள்விப்பட்டு, வங்கி வேலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். காத்திருக்கும் இடத்தில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணும், கை மிஷினில் மாட்டிய ஒரு ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு நானும் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதற்கு வந்தீர்கள் என்று அந்த ஆள் கேட்டார். குடலிறக்கம் என்றேன். அந்தச் சொல் முதன்முதலாக என் வாயில் வந்தது அங்கேதான். எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

டாக்டர் இளைஞர். படம் போட்டு விளக்கினார். அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தோலைத் தசையிலிருந்து பிரித்து மேலே தூக்குவார்கள். நடுவில் விலகிப்போன தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். மிஞ்சிய தோலை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் கீழே இழுத்து ஒட்டித் தைப்பார்கள். தொப்புளுக்குப் புதிதாக ஒரு இடம் திறப்பார்கள். இந்த வயதில், சர்க்கரையோடு, இது அவசியமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இதயத்துக்கு ஸ்கேன், மூன்று மாத சர்க்கரை அளவு, நுரையீரல் படம் என்று எல்லாச் சோதனையும் எடுக்கச் சொன்னார். எதிலாவது ஒன்றில் தவறினாலும் செய்யமாட்டேன் என்றார். பரீட்சை எழுதின பையனைப் போல முடிவுக்குக் காத்திருந்தேன். எல்லாவற்றிலும் தேறிவிட்டேன்.

வீட்டில் குடலிறக்கம் என்று சொல்லப்போகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "உண்மையைச் சொல்லிடுங்க சார். பெல்ட் போட்டுவிடப் போறது அவங்கதான்" என்றார். தசையையும் சேர்த்துத் தைக்கிறீர்களே, அப்படியானால் நான் சொல்வது முழுப் பொய் இல்லையே என்று வாதாடினேன். படித்தவனுக்குப் பொய் சொல்வது மட்டும் போதாது. அதற்கு ஒரு நியாயமும் தேவைப்படுகிறது. என் உடம்பைப் பற்றி என் அனுமதியில்லாமல் அவர் யாரிடமும் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

வசந்தாவிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "குடலிறக்கம்னா என்னங்க?" என்று கேட்டாள். வயிற்றின் தசைச்சுவரில் ஒரு இடம் பலவீனமாகி ஓட்டை விழும், அதன் வழியாகக் குடல் வெளியே துருத்தும், இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும் என்று பாடம் நடத்தினேன். எல்லாம் சரியான தகவல்தான். அவள் கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்காகக் கலங்குகிறாள் என்று நினைத்தேன். அந்தக் கை ஏன் அங்கே போனது என்று யோசிக்கவில்லை.

அறுவை முடிந்து விழித்தபோது உடம்பின் நடுவில் ஒரு இரும்புப் பட்டையைப் போட்டு முறுக்கியது போல இருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கி, உடம்பை மடக்கி வைத்திருந்தார்கள். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று தோலுக்கு அடியிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் வெளியே வந்தன. அவற்றின் நுனியில் முட்டை போல பிளாஸ்டிக் குமிழ்கள். பிரித்து ஒட்டிய தோலுக்கும் தசைக்கும் நடுவில் ஊறுகிற நீர் அதில் வந்து சேரும். அதற்கு மேல் பெல்ட்.

பெல்ட் என்றால் இடுப்பு பெல்ட் இல்லை. நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொடை தொடங்கும் இடம் வரை சுற்றிவரும் அகலமான எலாஸ்டிக் பட்டை. முன்னால் வெல்க்ரோ வைத்து ஒட்டுவது. பிரிந்த தோல் தசையோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும்வரை இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும், ஊசி போட்டு உறிஞ்ச வேண்டிவரும். அதனால் ஆறு வாரம், பகலும் இரவும் போட வேண்டும். குளிக்க மட்டும் கழற்றலாம். படுத்தபடிதான் போட வேண்டும். உள்ளே விரல் நுழைய வேண்டும். தொடை மரத்தாலோ மூச்சு முட்டினாலோ தளர்த்த வேண்டும். வேர்வையில் நனைந்ததைத் திரும்பப் போடக்கூடாது என்பதால் இரண்டு கொடுத்தார்கள். கையால் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

அழகுக்கான அறுவைக்குக் காப்பீடு கிடையாது. பில்லை நானே கவுண்டரில் கட்டி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் வசந்தா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். ஒவ்வொரு முறை நான் எழும்போதும் என் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கியவள் அவள்தான். பெல்ட்டுக்கு அடியில் போடும் பனியனின் தையல் விளிம்பு தோலில் பதிந்து வலித்தது. நான் சொல்வதற்கு முன்பே அவள் அதைக் கவனித்துத் தையலைப் பிரித்து, பனியனைத் திருப்பிப் போட்டுவிட்டாள். கழிவறைக்குப் போகும்போது, கூன் விழுந்தவனாக நான் முன்னால் நடக்க, இரண்டு குமிழ்களையும் கையில் ஏந்திக்கொண்டு அவள் பின்னால் வருவாள்.

கட்டுப் பிரித்தபோது நர்ஸோடு அவளும் நின்றாள். தையலைப் பார்த்து, "இவ்ளோ நீளமாவா கிழிப்பாங்க?" என்றாள். பெரிய குடலிறக்கம் என்றேன். நர்ஸ் சீட்டைப் புரட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது சித்திரை வெயில். சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்புகிற புழுதி ஜன்னலில் படிந்திருந்தது. பெல்ட்டுக்குள் நான் வெந்தேன். உட்கார்ந்தால் மேல்விளிம்பு சுருண்டு விலாவில் வெட்டும். படுத்தால் கீழ்விளிம்பு இடுப்பில் ஏறும். அரிக்கும் இடத்தைச் சொறிய முடியாது. சொறிந்தாலும் பாதித் தோலுக்கு உணர்ச்சி இல்லாததால் அரிப்பு அடங்காது. அப்படியிருந்தும், இதைக் கழற்றும்போதுதான் பயம் வந்தது. பெல்ட் இல்லாமல் இரண்டடி வைத்தால் வயிறு அவிழ்ந்து கீழே கொட்டிவிடும்போலத் தோன்றும். ஒட்டிக்கொண்டதும் ஒரு தெம்பு வரும். வசந்தாவிடம் இதைச் சொன்னேன்.

"பெல்ட் போட்டா வலி தெரியலையா?" என்று கேட்டாள்.

"தெரியாது. பிடிச்சு வச்சுக்குது பாரு."

"அப்ப இதுவே சரி பண்ணிடுமா?"

"இந்த பெல்ட்தான் பாதி வைத்தியம், வசந்தா."

இந்த வாக்கியத்தை நான் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு சொன்னேன். நோயே இல்லாதவன் அந்த நோய்க்கு மருந்து சொன்னேன். எனக்கு ஒட்டிய தோலைப் பிடித்து வைக்கிற பட்டை, ஓட்டை வழியே வெளியே வந்த குடலின்மேல் போட்டால் என்ன செய்யும் என்று யோசிக்க எனக்கு அவசியம் இல்லை. வீட்டில் குடலிறக்கம் யாருக்கும் இல்லையே என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு இருந்தது. தொப்புளுக்குச் சற்று மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு. தனக்கு இப்படி ஒன்று இருப்பதை அவள் என்னிடம் வாய் திறந்து சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது பெல்ட் காயாமல் போக ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்து கேட்டால், "இன்னும் காயலைங்க" என்பாள். கழற்றியதையே துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். மறுநாளும் காய்ந்திருக்காது. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பெல்ட்டைத் துவைத்துப் போட இரண்டு நாளா என்று கத்தினேன். "நெழல்ல காயணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். வேட்டியைப் பிழிந்து போட்டால் பேப்பர் படித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று ஆகிற வெயில் அது. ஆயுள் முழுக்க ஈரப்பதம் அளந்து சம்பளம் வாங்கியவன் நான்.

அவள் சாப்பாடு குறைந்ததைப் பார்த்தேன். குனிந்து பெருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். என்னைத் தூக்கித் தூக்கி அலுத்துவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

ஒரு நாள் காலை, அடுக்களையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் சாம்பலாகியிருந்தது. தூக்கப் போனேன். கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, பாதியில் கையை எடுத்துக்கொண்டேன். அந்த நொடியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். ஆட்டோவில் அரியலூர் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நர்ஸ் வசந்தாவின் சேலையைத் தளர்த்தினார். உள்ளே, பாவாடைக்கு மேல், என் பெல்ட் இருந்தது. விரல் நுழையாத அளவுக்கு இறுக்கி ஒட்டியிருந்தாள். ஒட்டைப் பிடித்து இழுத்தால் வலி தாங்கமாட்டாள் என்று கத்தரியால் வெட்டினார்கள். அடியில் தோல் சிவந்து பளபளத்து, வீக்கம் கல்லாக இருந்தது.

"இது யாரும்மா போடச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க. இவருக்கும் இதே வியாதிதான். பெல்ட்டுதான் பாதி வைத்தியம்னு சொன்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அதில் புகார் இல்லை. விவரம் தெரிந்தவர் சொல்லித்தான் போட்டேன் என்கிற நம்பிக்கைதான் இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன ஆபரேஷன் சார்?"

"ஹெர்னியா" என்றேன்.

அவள் அந்த நிலையில் கிடக்கும்போதும் அதைத்தான் சொன்னேன். மகளிடமும் மச்சினனிடமும் சொன்ன பொய் வேறு. இது வேறு.

வெளியே வந்த குடல் வளையம் ஓட்டையிலேயே நெரிபட்டு, ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து வாங்க டாக்டர் நடைபாதைக்கு வந்தபோது அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஹெர்னியா இல்லை, தோலை எடுத்தேன், அவள் அறியாமல் போட்டிருக்கிறாள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அது இப்ப எனக்கு வேணாம் சார். எத்தனை நாளா இதைப் போட்டிருக்காங்க?"

"தெரியலை."

"வலி எப்பலேருந்து?"

"தெரியலை."

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

அதுவும் தெரியவில்லை. அவள் எனக்குக் கொடுத்த ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் எனக்கு நினைவிருந்தது.

பாடாலூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் கவிதா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். அறுவை அரங்குக்கு வெளியே பெஞ்சில் அவளிடமும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். என் பக்கத்திலிருந்து எழுந்து எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தே, "உங்களுக்கு முடியலன்னதும் அம்மா ஊர்க் கோயிலுக்கெல்லாம் முடிஞ்சு வச்சாங்கப்பா" என்றாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து வேண்டிக்கொண்டதைச் சொல்கிறாள். எந்த நோய்க்காக வேண்டினாள் என்று எண்ணிப்பார்த்துத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன்.

குடலில் கறுத்துப்போன பகுதியை வெட்டி எடுத்து, மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். பெல்ட் மட்டுமே காரணம் இல்லை, இது என்றைக்காவது நடந்திருக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். ஆனால் உள்ளே தள்ளாமல் மேலே வைத்து அழுத்தியதில் குடல் மாட்டிக்கொண்டது, இறுக்கத்தில் வலி மழுங்கியதால் வருவதற்கும் தாமதமாகிவிட்டது என்றார். மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய், கையில் சொட்டு மருந்து, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. "காத்துப் பிரிஞ்சுதாம்மா?" என்று நர்ஸ்கள் தினமும் கேட்டார்கள். பெண்கள் வார்டுக்குள் எனக்கு அனுமதி இல்லை. பார்வையாளர் நேரம் வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கவிதா வெளியே வரும்போதெல்லாம் நானும் அதையே கேட்பேன். ஒருநாள் மத்தியானம் அவள் வாசலில் நின்று ஆமென்று தலையை ஆட்டினாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. எதற்கு அழுகிறேன் என்று கேட்ட காவலாளியிடம் காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் எனக்கும் ஒரே ஒரு பெல்ட்தான் மிச்சம். காலையில் அதைத் துவைத்து வீட்டு வராந்தா நிழலில் போட்டுவிட்டு, காயும்வரை மல்லாந்து படுத்திருந்தேன். ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் காய்ந்துவிட்டது. படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் காயலைங்க." கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மூக்குக் குழாயை எடுத்து அவள் கஞ்சித் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பார்வையாளர் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண், தொப்புள் குடலிறக்கத்துக்கு அறுவை முடிந்து படுத்திருந்தாள்.

"ஏங்க, அந்தப் புள்ளைக்கும் எனக்கு இருந்ததுதான். தையல் விரல் நீளந்தான் இருக்கு. எனக்குக் கொடலையே அறுத்தும் ஒரு சாண்தான். உங்களுக்கு மட்டும் ஏன் இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்பு வரைக்கும்?"

சொன்னேன். தோல், அறுபதாம் கல்யாணப் படம், கணேசன், ஆவணி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் காட்டுறதுக்கு?" என்று கேட்டாள்.

நான் சட்டைக்கு அடியில் பெல்ட்டின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அந்த போட்டோல நானுந்தான் குண்டா இருக்கேன். கூடத்துல மாட்டி வச்சிருக்கேன்ல?"

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அன்னிக்குக் குடலிறக்கம்னா என்னன்னு நீங்க சொல்லச் சொல்ல, எனக்கு இருக்கிறதும் அதானேன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் படுத்துட்டா வூட்டை யாரு பாக்குறது? ஒருத்தர் எந்திரிச்சாத்தான் ஒருத்தர் படுக்க முடியும். நீங்க எந்திரிக்கட்டும்னு இருந்தேன்."

மணி அடித்தது. பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வெகு நாட்கள் அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அறுவைக்குப் பிறகு அவளுக்கும் பெல்ட் போடச் சொன்னார்கள். ஓட்டையை அடைத்துத் தைத்த பிறகு போடுகிற, சரியான இடத்தில் போடுகிற பெல்ட். தினமும் அதை நான்தான் போட்டுவிடுகிறேன். "விரல் போவுதா பாருங்க" என்பாள். விட்டுப் பார்ப்பேன். இரண்டு பேருடைய துணியையும் நான்தான் துவைத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு மூன்று பெல்ட்டைத் துவைப்பது ஒரு வேலையா?

கணேசன் போனில் ஆவணிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டபோது, "ஒங்க மச்சானே சொல்லுவாரு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவனிடமும் சொன்னேன். "நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான்" என்றான். தெரியும் என்றேன். திருக்கடையூருக்குப் போகப்போவதில்லை. சட்டையைக் கழற்றினால் இப்போது வயிறு தட்டையாகத்தான் இருக்கிறது. நான் கழற்றுவதில்லை.

இந்த அறுவையைச் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு: செய்துகொள்வது குற்றமில்லை. வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெல்ட்டை டாக்டர் சொன்ன காலம்வரை போடுங்கள். உங்களுடைய பெல்ட் இன்னொருவருக்கு ஆகாது. வயிற்றில் ஏதாவது புடைத்தால் அதன்மேல் எதையும் கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தியும் வலியும் வந்து புடைப்பு உள்ளே போகாமல் நின்றுவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்று வசந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பெல்ட்தான் பாதி வைத்தியம் என்று சொன்னதை எழுதியிருக்கிறேனா என்று மட்டும் நடுவில் கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றேன். முடித்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தவள் நின்றாள்.

"நான் வாயே தொறக்கலைன்னு எழுதியிருக்கீங்களே. சொன்னேனே."

எப்போது என்றேன்.

"கங்கைகொண்ட சோழபுரம் போயிட்டு வந்தப்ப. பஸ்ஸுல."

மேலே எழுதிய அந்த வரியை நான் அடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அவள் சொன்னதும் எனக்கு நினைவு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன்பு, நான் இளைக்கத் தொடங்கிய புதிது. கோயிலைப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் நான், என் பக்கத்தில் அவள். தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி என்னவோ கையில் தட்டுப்படுகிறது என்று மெதுவாகச் சொன்னாள். "வாயுவா இருக்கும். சீரகத்தண்ணி குடி" என்றேன்.

நான் அப்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகம் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை.